பதினோராவது பாட்டில்

இங்கே ஆறு இன்னும் ஆறு இல்லை.
கோரைக்கு அடியில் ஒரு நசநசப்பு.
பூட்ஸ் புதைந்த இடத்தில்
மண் கொஞ்சம் யோசித்துத்
தன் தண்ணீரை மேலே விடுகிறது.
ஜூன் மாத உறைபனியைப் புறங்கையால் தட்டிவிட்டு
முதல் பாட்டிலை முக்குகிறேன்.
தூரத்தில் இரண்டு நாரைகள்
எங்களைப் பொருட்படுத்தவில்லை.
எழுதுகிறேன்: உம்கேனி. ஒன்று. 6.40.
நிறம் இல்லை. நாற்றம் இல்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு.

வண்டி ஓட்டுகிறவன் பேர் தூலானி.
ஜூலுவில் 'சும்மா இரு' என்று அர்த்தமாம்.
பெற்றவர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலிக்கவில்லை.
மிட்மார் அணை வரைக்கும் கால்பந்து,
ஹோவிக் வரைக்கும் மைத்துனன் வாங்கிய கடன்.
அருவிக்கு முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னான்:
கீழே மடுவில் பாம்பு கிடக்கிறது,
தலை குதிரைத் தலை,
கோபம் வந்தால் கூரைகளைப் பிடுங்கும்.
"உன் பாட்டிலில் மாட்டுமா அது?"
நூறு மில்லியில் எத்தனை கிருமி என்றுதான் கேட்பார்கள்,
பாம்புக்குக் கட்டம் கிடையாது என்றேன்.
தொண்ணூற்றைந்து மீட்டர்.
விழுந்த ஆறு
முகம் துடைத்துக்கொண்டு
கல் கல்லாக நடக்கிறது,
யாரும் பார்க்காத மாதிரி.

ஐந்தாவது பாட்டில் என் கையில் உடைந்தது.

உம்சுந்தூசி வந்து சேரும் இடத்தில்
மூக்கை மூட வேண்டியிருந்தது.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊரே
குளித்து, கழுவி, வெளிக்குப் போய் அனுப்பியது.
கொஞ்ச தூரம் இரண்டு நீரும்
ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன,
சம்பந்தம் பிடிக்காத இரண்டு வீட்டார்
ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி.
பிறகு கலந்துவிடுகின்றன. வேறென்ன செய்ய?

இனாண்டா அணையில் தூலானி பேசவில்லை.
நான் எட்டாவதை முக்கி, மூடி, எண் எழுதி முடித்தும்
கரையிலேயே நின்றான்.
பட்டை உரிந்த ஒரு மரத்தின் உச்சி
தண்ணீரில் நீட்டிக்கொண்டிருந்தது.
"அதற்கு இடதுபுறம்," என்றான்,
"எங்கள் மாட்டுப் பட்டி. பட்டிக்குப் பக்கத்தில்
அப்பாவின் அப்பா."
எலும்பை எடுத்துத் தருவதாகச் சொன்னார்களாம்.
தண்ணீர் முதலில் வந்துவிட்டது.
ஆழம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது.
முப்பது மீட்டர் என்று நிரப்பினேன்.
எழுத்து கோணலாக விழுந்தது,
குளிர்தான்.

ஸ்பிரிங்ஃபீல்டில் இப்போது சோபா விற்கிறார்கள்.
தகரக் கொட்டகை கட்டி இங்கே கீரை போட்டவர்கள்
என் ஆட்கள்: படையாச்சிகள்,
மூட்லி என்று எழுதப்பட்டுவிட்ட முதலிகள்.
பதினேழாம் வருஷத்து வெள்ளத்தை
எங்கள் வீட்டில் யாரும் கதையாகச் சொன்னதில்லை.
ஒரு பழைய பதிவேட்டில் பார்த்தேன்:
மூட்லி, ஆறு பேர், காய்கறித் தோட்டம், காணவில்லை.
அதிலும் குறிப்பு என்ற கட்டம் உண்டு.
ஒரு கோடு.

கடைசி பாட்டில், ப்ளூ லகூன்.
தூண்டில்காரர்கள், காரிலிருந்து வழியும் பாட்டு,
ரொட்டியைக் குடைந்து ஊற்றிய ஆட்டுக்கறி.
ஒரு குடும்பம் முழங்கால் நீரில் இறங்கி
அஸ்தியை விட்டது. பாலை விட்டது. சாமந்தியை விட்டது.
நான் நிற்க வேண்டிய இடமும் அதுதான்,
ஜிபிஎஸ் அப்படிச் சொல்கிறது.
விதிப்படி அரைமணி காத்திருக்க வேண்டும்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
அளப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் நான்.
காத்திருக்கவில்லை.
முக்கினேன். மங்கலாக வந்தது.
கடல் ஏறி வந்து ஆற்றைக் கொஞ்சம்
வந்த வழியே தள்ளிக்கொண்டிருந்தது.

உம்கேனி. பதினொன்று. 4.15. உப்பு.
குறிப்பு என்ற கட்டத்தில்
பேனாவை வைத்தபடி இருக்கிறேன்.
தூலானி ஹாரன் அடிக்கிறான்.
கறி ஆறுகிறதாம்.