காத்திருப்போர் பட்டியல்

கன்ஃபார்ம் ஆகுமா மேடம்?

காட்பாடி சந்திப்பு, முன்பதிவு, மூன்றாம் கவுண்டர்.
பதினேழு வருடமாக என்னிடம் கேட்கப்படுவது
இந்த ஒன்றுதான்.
ஹவுரா வண்டியில் நாற்பது என்றால் ஆகும்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பாதிப் பேரை
இன்னொரு வாரம் இருக்கச் சொல்லிவிடுவார் டாக்டர்.
பொங்கலுக்கு முந்தின நாள் நான்கு என்றாலும் ஆகாது.
வீட்டுக்குப் போவதை யாரும் ரத்து செய்வதில்லை.

என் தலைக்கு மேல் தொங்கும் தகரப் பலகையில்
இடம் போதாமல் பெயிண்டர்
இரண்டு வரியாய் உடைத்து எழுதியிருக்கிறான்:
காத்திருப்
போர் பட்டியல்.
யாரும் புகார் தரவில்லை.

சித்திரையில் இராணுவக்காரர்கள் லீவில் வருவார்கள்.
வைகாசி ஒன்று, குடியாத்தத்தில் சிரசு.
அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்,
முன்பே போட்டு வைத்த டிக்கெட்டில், நிதானமாக.
இந்த வருடம் சித்திரை பத்தாம் தேதியே
டிக்கெட்டும் கையுமாய் வந்து நின்றார்கள்.
தேதியை முன்னால் தள்ளிக் கொடுங்க.
தட்கல் இருந்தாலும் பரவாயில்லை.
ஒருவர் இருவர் என்றால் வீட்டில் சண்டை என்று நினைக்கலாம்.
செவ்வாய் பதினொரு பேர். புதன் பதினான்கு.
ஞாயிறு அரைநாள்தான் கவுண்டர், அதற்குள் ஒன்பது.
மேசைக் காலண்டரில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

காத்திருப்புக் கூடத்து டிவியில்
கோட் போட்ட ஒருவர் அறுபது சதவீதம் என்கிறார்.
இன்னொருவர் முப்பதைத் தாண்டாது என்கிறார்.
நடுவில் சிமெண்ட் விளம்பரம்.
பக்கத்துக் கவுண்டர் ஜபருல்லா, ரப்பர் ஸ்டாம்பை ஊதியபடி,
"நீங்க எவ்வளவு சொல்றீங்க?" என்றார்.
நான் சதவீதத்தில் சொல்வதில்லை.
போன தடவையும் எண்ணினேன்.
ஒரே நாளில் இருபதைத் தாண்டிய நான்காம் நாள்
செய்தியில் வந்தது.
பிறகு நிறுத்தம் என்றார்கள், பட்டாசு வெடித்தார்கள்.
நிறுத்தம் என்றால் என்னவென்று
ரயில்வேக்காரிக்குத் தெரியும்.
இரண்டு நிமிடம்.
சில வண்டிகளுக்கு ஐந்து.

இன்று மதியம் முனிரத்தினம் வந்தார். ஹவில்தார்.
சிரசு ஊர்வலத்தில் கூட்டம் சாயாமல்
கயிறு பிடிக்கிற நூறு பேரில் ஒருவர்.
"தலை ஏறுறதுக்குள்ள நான் ஏறணும் மேடம்" என்று
வாரண்டை நீட்டினார். சிரிக்கவும் செய்தார்.

அங்கே ஒரு தலையை இன்னோர் உடம்பில் பொருத்துவார்கள்.
கண் திறக்கும். தேங்காய்கள் சிதறும்.
பொழுது சாய்ந்ததும் எடுத்துவிடுவார்கள்.
யார் தலை, யார் உடம்பு என்று
அந்தச் சில மணிநேரம் கேட்பாரில்லை.
என் முதுகுக்குப் பின்னால் ரயில்வே வரைபடம்.
தலைப்பக்கம் மெலிந்து மெலிந்து
ஒற்றைத் தண்டவாளமாகி நின்றுவிடுகிறது.
ஆணி பிடுங்கி, அந்த மூலை எப்போதும்
முன்னால் மடிந்து தொங்கும்.
எத்தனை முறை ஒட்டியும் நிற்கவில்லை.

அவருக்குப் போக நாளை மறுநாள் கிடைத்தது.
திரும்பி வர அறுபதாம் நாளுக்கு ஒன்று கேட்டார்.
தட்டினேன். காத்திருப்பு முப்பத்தெட்டு.

கன்ஃபார்ம் ஆகுமா மேடம்?

கணக்குத் தெரியும் எனக்கு.
ஆகும்.
இறங்கி வருகிறவர்கள் குறைந்தால்
பட்டியல் வேகமாக நகரும்.
நான் எண்ணி வைத்தது பலித்தால்
முப்பத்தெட்டு என்ன, நூற்று முப்பத்தெட்டும் ஆகும்,
பெட்டியில் கால் நீட்டிப் படுத்து வரலாம்,
வருகிறவர்கள்.

"சொல்ல முடியாது சார்" என்றேன்.
பதினேழு வருடத்தில் முதல் தடவை.
ஜபருல்லா திரும்பிப் பார்த்தார்.

ஐந்து ரூபாய் சில்லறை இல்லை.
"இருக்கட்டும், வரும்போது வாங்கிக்கறேன்."
அடுத்தவர் படிவத்தை உள்ளே தள்ளினார்,
கிராப்பு வெட்டிய தலை, இருபத்திரண்டு வயது இருக்கும்.
பென்சிலைத் தேடினேன்.
இருபத்து நான்கு.