வி. சுர்முஸ்

தர்த்து பல்கலைக்கழக நூலகத்தில்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
எனக்கு இட்ட வேலை:
ஓய்வுபெறும் மரபியலாளரின்
கட்டுரைகளை எண்ணித் தருவது.

எண்ணப் போனால் ஆள் ஒருத்தி இல்லை,
மூவர்.

எழுபத்தொன்பதில், நோவோசிபிர்ஸ்க் ஆய்விதழில்,
ருஷ்ய எழுத்தின் வழியாக வந்துசேர்ந்த சிர்முஸ்.
எண்பத்தெட்டில், ஹெல்சிங்கியில்,
உயிரெழுத்தின் தலைமேல் இருந்த நெளியை
அச்சுக்கோப்பவர் உதறிவிட்ட சோர்முஸ்.
பிறகு, நாடும் நெளியும் திரும்பக் கிடைத்த சுர்முஸ்.
இதழைக் குவிக்காமல் சொல்லவேண்டும் அந்த ஒலியை;
நம் குற்றியலுகரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

ஓர் எழுத்து மாறினால் என்னாகும் என்றுதான்
நாற்பது வருடம்
ரை பயிரிடம் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.
ஐந்தாம் குரோமோசோமில் ஓரிடம் பிசகினால்
உறைபனியில் நாற்று செத்துப்போகும்.
தரவுத்தளத்தில் பிசகினால்
யாரும் சாவதில்லை,
புதிதாக ஒருத்தி பிறந்துவிடுகிறாள்.

மூவரையும் ஒட்டவைத்தேன்.
அது எளிது.

ஒட்டியபின் பார்த்தால்
இருநூற்று மூன்று கட்டுரைகள்,
எச்-குறியீடு முப்பத்து நான்கு.
வயலில் தொடங்கியவர்
திடுமென மரப்பட்டைகளில் ஏறுகிறார்.
லைக்கன், லைக்கன், லாப்லாந்தின் லைக்கன்.
ஒரே ஜூலையில் அங்கேயும் இருக்கிறார், இங்கேயும்.

மறுநாள் அவரே வந்தார்.
கையுறையைக் கழற்றாமல் திரையைப் பார்த்தார்.
"இது வெல்லோ" என்றார்.
"என் கணவர். தொண்ணூற்றொன்று வரைக்கும்."

வெல்லோவும் வி. விர்வேயும் வி.

கேட்கத் துணியாத கேள்விக்கு
அவராகவே பதில் சொன்னார்:
"அப்போது பதினேழு கட்டுரைகள் வந்திருந்தன.
பிறந்த வீட்டுப் பெயரில் ஒன்றுகூட இல்லை.
நீதிமன்றத்தில் அவர் படகைக் கேட்டார்.
நான் பெயரைக் கேட்டேன்."

சுர்முஸ் என்றால் அவர்கள் மொழியில் மோதிரம்.
அதையும் சொல்லிக் கொஞ்சம் சிரித்தார்.

சாயங்காலம் முழுக்கப் பிரித்தோம்.
இது என்னுடையது. இது அவருடையது.
இது அவருடையது,
அட்டவணைகள் மட்டும் நான் போட்டேன்,
பெயர் போடவில்லை, விடு.
இது என்னுடையது, தப்பான முடிவு,
ஆனாலும் என்னுடையது, எழுதிக்கொள்.

முப்பத்து நான்கு இறங்கி இருபதாகி
பதினாறில் கொஞ்ச நேரம் தயங்கி
பன்னிரண்டில் வந்து நின்றது.
"பன்னிரண்டு" என்றார்,
ரொட்டிக்கடையில்
தன் டோக்கன் எண் கேட்டவர் போல.

ஒன்று மிச்சம் இருந்தது.
எண்பத்தாறு. ஆஸ்பென் மரங்களின் மரபு வேறுபாடும்
அவற்றின் பட்டையில் வாழும் லைக்கன்களும்.
ஆசிரியர்கள்: வி. சுர்முஸ், வி. சுர்முஸ்.
ஒரே பெயர் இருமுறை வந்தால் பிழை என்று
இயந்திரம் ஒன்றை நீக்கியிருந்தது.
எந்த ஒன்றை என்று அதற்கும் தெரியாது.

மேற்கோள்: ஒன்று.

"யார்?"
திறந்தேன்.
இரண்டாயிரத்து ஒன்பது. வெல்லோ.
"எந்த வரியில்?"
படித்தேன்:
'இத்திசையில் முன்பு நடந்த முயற்சி
முழுமை பெறவில்லை.'

வெளியே எமயோகி ஆற்றில்
பாதி உறைந்த நீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு, ஆய்வேட்டைத் திருத்துகிற குரலில்,
"சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.
மாதிரிகள் போதவில்லை.
நாற்பது மரம்தான் எடுத்தோம்.
அந்தக் கோடை முழுக்க மழை" என்றார்.

இதை யார் கணக்கில் சேர்ப்பது என்று
நான் திரும்பியபோது
மேலங்கியின் கடைசிப் பொத்தானில் இருந்தார்.
வாசலில் நின்று
நெளியை மறக்காமல் போட்டாயா என்று மட்டும்
கேட்டார்.