பின் எடை

வெள்ளையாகத்தான் கிளம்புகிறது தாள்.
சின்ன அப்பளத்தின் அகலம்.
விரல் படக் கூடாது.
இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவேன்:
முன் எடை.

இருபத்துநாலு மணி நேரம்
கொருக்குப்பேட்டைப் பள்ளிக்கூட மொட்டைமாடியில்
காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும்போது
அடுப்படிச் சுவரின் நிறம்.
பின் எடை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான்
எனக்குச் சம்பளம்.

ஹயாத் சார் ஒருநாள் நுண்ணோக்கியை
என் பக்கம் தள்ளினார்.
"பாரும்மா, உங்க ஏரியாதான்."

உருண்டை உருண்டையாய்,
யாரோ உட்கார்ந்து பொறுமையாக உருட்டியதுபோல்
குறையே இல்லாத மணிகள்.
நிலக்கரிச் சாம்பல்;
உலையில் உருகி, வானத்தில் உறைந்தது.
பக்கத்தில் திராட்சைக் கொத்தாய்க் கரி,
அது லாரி.
ஓரம் உடைந்த கண்ணாடிச் சில்லாய்ச் சாலைப் புழுதி.
நடுவே சின்னச் சின்னப் பெட்டிகள்,
மூலை மழுங்காத உப்பு.
"அது மட்டும் பாவம்" என்றார்,
"கடலோடது. யார்மேல கேஸ் போடுவ?"

பெரிய தூசி மானமுள்ளது.
சைக்கிள் சீட்டில், காயப்போட்ட துணியில்
வெளிப்படையாக வந்து உட்காரும்.
மூக்கில் தடுத்தால்
ஒரு தும்மலோடு கிளம்பிவிடும்.
சின்னது அப்படியில்லை.
தலைமுடி ஒன்றை முப்பதாய் வகிர்ந்தால்
அதில் ஒரு வகிர்.
கனமில்லை, அதனால் விழுவதில்லை.
சந்துக்குள் சந்து பிரிந்து
நுரையீரலின் கடைசி வீடு வரை போய்
கதவைத் தட்டாமல் குடியேறும்.
வாடகையும் கிடையாது,
காலி செய்வதும் கிடையாது.

எபிநேசருக்குத் துறைமுக வரிசை.
முதுகில் கண்டெய்னர், எஞ்சினை அணைக்காமல்
ஒன்பது மணி நேரம், சில நாள் பதினொன்று.
"அணைச்சா இவ ஸ்டார்ட் ஆவ மாட்டா.
பின்னால நிக்கறவன் ஹாரன்லயே கொன்னுடுவான்."
அவன் கர்ச்சீப்பைத் துவைக்கும்போதெல்லாம்
முன் எடை, பின் எடை என்று
வாய் தானாக முணுமுணுக்கும்.

ஆகவே புது பம்ப் வந்து,
இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் நடமாட
ஆள் வேண்டும் என்றபோது
நான்தான் கை தூக்கினேன்.
பகலுக்கு ஒரு தாள், இரவுக்கு ஒரு தாள்.
எதிராளி யாரென்று எனக்குத் தெரியும்.
எழுத்தில் வாங்கிவிடலாம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வேண்டுமென்றே நின்றேன்.
டிரெய்லர்களின் பின்னாலேயே நடந்தேன்.
கொடுங்கையூர்ப் பக்கம் எதுவோ எரிய
பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி
புகைக்கு முகம் காட்டினேன்.
காசிமேட்டில் மீன்கூடைக்காரி ஒருத்தி கேட்டாள்:
"இன்னாமே அது, இடுப்புல குருவி கத்துது?"
"மூச்சு வாங்குது" என்றேன்.

இரவு வீடு வந்து
வழக்கம்போல் ஜன்னலைச் சாத்தினேன்.
சாம்பல் வரக் கூடாதே.
இடுக்குகளில் பழைய புடவை திணித்தேன்.
கால்வாய்க் கொசு முன்பே உள்ளே வந்திருந்தது.
சுருளைக் கொளுத்திக் கட்டிலடியில் வைத்தேன்.
ஜெமிமா பக்கத்தில்,
பம்ப் அவள் தலைமாட்டில்.

மறுநாள் தராசு
மூன்று முறை எடுத்து வைத்தும்
சொன்னதையே சொன்னது.
பகல் தாளைவிட
இரவுத் தாள் கனம்.

ஹயாத் சார் பேனா மூடியைக் கடித்தார்.
"இதக் காட்டி அவனுங்க தப்பிச்சுக்குவானுங்க" என்றார்.
பிறகு,
"இருந்தாலும் எழுது."
எழுதினேன்.
கை நடுங்கியதில் புள்ளி
ஒரு தானம் தள்ளி விழுந்தது,
அடித்துவிட்டுத் திருத்தினேன்.

ஜன்னலை யாருக்குப் பயந்து சாத்தினேன்?
அதையும் ஒரு கட்டத்தில் எழுத இடமில்லை
அந்தப் படிவத்தில்.

அன்றிரவு சுருள் இல்லை.
கொசு கடிக்க, ஜெமிமா புரண்டாள்.
திறந்தேன்.
வடக்கிலிருந்து காற்று வந்தது,
கொஞ்சம் உப்போடு.
மீதியை
ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி
என்னால் கூப்பிட முடியும்.

விடியும்வரை நின்றிருந்தேன்
கொக்கியில் கை வைத்தபடி.