மூக்குத்தி வெளிச்சம்

மழை வரும் என்று ரேடியோ சொன்னதால்
பதினேழு பேர் வரவேண்டிய இடத்தில் ஒன்பது பேர்.
வராதவர்கள் காரணம் சொல்லியிருந்தார்கள்:
முதுகுவலி, மருமகள், பேரனுக்கு ஞானஸ்நானம்.
எங்களுக்குத் தெரியாதா,
குரோமியத்துக்குத்தான் உடம்பு சரியில்லை.

யார்க்‌ஷயரில் ஒரு சந்தைத் திடல்.
ஒன்பது வுல்ஸ்லி சலூன்கள்
பல் டாக்டரிடம் வந்தவை மாதிரி
பானட்டைத் திறந்துகொண்டு நிற்கின்றன.
டெஸ்மண்ட் காது குடையும் பஞ்சுக்குச்சியோடு வருகிறார்.
டேஷ்போர்டு மரத்தின் இடுக்கில் விட்டெடுத்து
நுனியைப் பார்க்கிறார்.
ஒரு மதிப்பெண் போயிற்று.
போன வருஷம் ஒரே ஒரு திருகாணி
அந்தக் காலத்துத் திருகாணி இல்லையென்று
லினெட் கோப்பையை இழந்தாள்.
அதைச் சங்கிலியில் கோத்துக்
கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இன்றும் வந்திருக்கிறாள்.

தோராவின் கார் கறுப்பு.
ஐம்பத்தாறாம் வருஷம், ஆறு சிலிண்டர்.
விவாகரத்தின்போது வக்கீல் கேட்டாராம்:
வீடா, ஓய்வூதியத்தில் பங்கா?
கார்.
வக்கீல் பேனாவை மூடிவிட்டு மறுபடி கேட்டாராம்.
கார்.
இருபத்திரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்
அதன் அடியில் நீட்டிக் கிடந்த
க்ளைவின் இரண்டு கால்களோடுதான்
குடும்பம் நடத்தினேன் என்பாள்.
அன்றைக்கு அவளுக்கு ஓட்டவே தெரியாது.
இன்றைக்கு டைனமோவைக்
கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவாள்.

க்ளைவும் எங்கள் உறுப்பினர்தான்.
வேறொரு வுல்ஸ்லி வாங்கிவிட்டார், சாம்பல் நிறம்.
திடலில் அவர் ஒரு மூலை, அவள் ஒரு மூலை.
நான் செயலாளர்.
நடுவில் வண்டி நிறுத்துவது என் பொறுப்பு.

இந்தக் கார்களுக்கு ஒரு வழக்கம்:
ஹெட்லைட்டைப் போட்டால்
கிரில்லின் உச்சியில் பெயரும் சேர்ந்து எரியும்,
மூக்குத்திபோல, மஞ்சளாக.
இருட்டில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும் கார்.
தோராவுடையது மட்டும் சொல்லாது.
பல்பு போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

திரும்பும்போது கணவாய் ஏற்றத்தில்
கறுப்பு கார் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது.
பின்னால் நான், எனக்குப் பின்னால் சாம்பல்.
பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை.
செம்மறி ஒன்று நெருங்கி வந்து
நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்த்தது.

க்ளைவ் தொப்பியில்லாமல் மழையில் நடந்து வந்தார்.
பேசவில்லை. இன்ஜினுக்குள் கையும் விடவில்லை.
(அது அவருக்கு எவ்வளவு கஷ்டம்
என்பது கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.)
புதினா மிட்டாய் டப்பாவைத் திறந்தார்.
எண்ணெய்க் காகிதத்துக்குள் ஒரு ரோட்டர் ஆர்ம்,
பழைய சரக்கு.
புதிதாய் வருபவை பாதி வழியில் கழுத்தறுக்கும்.
பழையதை வைத்திருப்பவன்
சொந்தத் தம்பிக்கும் காட்டமாட்டான்.
அதை மட்கார்டின்மேல் வைத்துவிட்டு
மூன்றடி தள்ளிப் போய்
செம்மறியைப் பார்த்தபடி நின்றார்.

தோரா பொருத்தினாள்.
இரண்டாம் முயற்சியில் பிடித்துக்கொண்டது.
"எவ்வளவு?"
ஏழு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் சொல்.
"மூக்கு எரியவில்லை" என்றார்.
"தெரியும். நான்தான் ஒயரைப் பிடுங்கினேன்."
மழை கொஞ்சம் வலுத்தது.
பானட்டை மூடுமுன்
அவள் இன்னொரு தரம் குனிந்தாள்.
குடைக்குப் பின்னால் நின்ற எனக்கு
என்ன செய்தாளென்று தெரியவில்லை.

இறக்கத்தில் முன்னால் க்ளைவ்,
அடுத்தது அவள், கடைசியில் நான்.
கொண்டை ஊசி வளைவில் அவள் திரும்பி
எனக்குக் கீழே எதிர்முகமாய் வந்தபோது பார்த்தேன்.
மஞ்சளாக, நனைந்து, சின்னதாக.
க்ளைவின் கண்ணாடியில்
அது இடவலம் மாறித் தெரிந்திருக்கும்.
படிக்கத் தெரியாதவரா அவர்?

பிரேக் விளக்கு ஒரு கணம் சிவந்தது.
வளைவுக்காகவும் இருக்கலாம்.

அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினேன்:
நாற்பத்தோரு மைல்.
மழை. ஒரு நிறுத்தம், பதினோரு நிமிஷம்.
காரணம், மின்சாரம்.