ஐந்தாவது கேள்வி

விடியப்புறம் மூன்றரைக்கு வாட்ஸ்அப் அடித்தது.
ஸ்காபரோவிலிருந்து தவநேசன்.
டொக்டர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறாராம்.
வயது நாற்பத்தாறு. இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம்.
சிகரெட் இல்லை. சீனி, கொஞ்சம்.
ஐந்தாவது கேள்வியில் நிற்கிறான்:
தகப்பன் எத்தனை வயதில், எதனால்?

"எங்கட ஆக்களுக்கு
வெள்ளையளுக்கு முந்தியே வருதாம் அக்கா.
மெலிஞ்சிருந்தாலும் வருதாம்."

அப்பா ஐம்பத்தொன்றில் போனார்.
அனுராதபுரச் சந்தி, சுற்றிவளைப்பு,
வெயிலில் குந்தவைத்த வரிசையில் பதினெட்டாவது ஆள்.
ஒருவரும் சுடவில்லை, அடிக்கவுமில்லை.
முகமூடிக்காரன் தலையை ஆட்டுமுன்னரே
பக்கத்திலிருந்த மீன் வியாபாரியின் தோளில் சரிந்தார்.
பயத்தில் போனார் என்றது ஊர்.
ஆமிதான் கொன்றது என்றாள் அம்மா, சாகும்வரை.
நெஞ்சைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கச்சேரியில் மரணப் பத்திரம் தேடி எடுத்தார்கள்.
காரணம் என்ற இடத்தில் சிங்களத்தில் ஒற்றைச் சொல்.
கிளாக்கர் பெடியன் கண்ணாடியைத் தூக்கி வாசித்தான்:
"திடீர்."
"திடீரெண்டா?"
"திடீர்தான் அக்கா."

வெளியே, கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான் ஒன்று
ரோல்ஸ் சுற்றிய கடதாசியை
எண்ணெயோடு மென்றுகொண்டிருந்தது.

மதிலோரம் நின்று அவனுக்கு எடுத்தேன்.
பெரியப்பாவைக் கேட்டான்.
முப்பத்தொன்பதில், வள்ளத்தோடு.
குணச் சித்தப்பா?
இருபத்தேழு. பிடித்துக்கொண்டு போனது.
மாமாவுக்கு மாமி இன்னும் பத்திரமே எடுக்கவில்லை,
எடுத்தால் செத்ததாகிவிடுமாம்.
இவர்களில் யாருடைய இரத்தத்தில் கொழுப்பு இருந்தது
என்று யாரைப் போய்க் கேட்பேன்?
இருதயம் பழுதாகிற வயதுவரை
எங்கள் ஆம்பிளைகளை விட்டுவைத்தால்தானே.

"இருதயம் எண்டு போடு" என்றேன்.
"உண்மையாவோ?"
"போடு. மருந்தைத் தரட்டும்."

அந்தப் பக்கம் பேனை கிறீச்சிட்டது.
பனி தள்ளும்போது இடக்கை விறைக்கிறதை
அப்போதுதான் சொன்னான்,
வானிலை சொல்வதுபோல.

பிறகு, "ஆறாவது, சகோதரங்கள்."
"எனக்கொண்டுமில்லை எண்டு எழுது."

போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு
உவர்மலை ஏற்றத்தில் நடந்தேன்.
ஓட்டோவுக்குக் காசிருந்தது.
இரண்டு தரம் நின்றேன்,
லைட் போஸ்ற்றில் கையை ஊன்றி,
துறைமுகம் பார்க்க நிற்பவள்போல.