கெட்டிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை

கோத்தன்பர்க்கிலிருந்து வந்த கண்ணாடியை
இரண்டு கம்பளிக்குள் சுற்றி அனுப்பியிருந்தார்கள்.
தூங்கும் குழந்தைபோல இருக்கிறது என்றான் சிக்ஸ்டன்.
எனக்குப் பிணம்போலப் பட்டது. சொல்லவில்லை.
நான் சொல்லாதவற்றில் இது சிறியது.

லூலியோவில் மே மாதம். கொட்டகை ஓரத்தில் இன்னும் அழுக்குப் பனி.
அறுபத்தேழாம் வருடத்து வால்வோ, இரட்டைக் கதவு,
பதிவுத்தாளில் சிவப்பு, வெயிலில் செங்கல்.
பின்கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு மாதமாய் ஒரு பாலித்தீன் தாள்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பழைய ரப்பரை உரித்தோம். அடியில் துரு, உள்ளங்கை அகலம்.
சிக்ஸ்டன் சுரண்டினான், சாம்பல் பூச்சு அடித்தான்,
காயும்வரை மூவரும் காபி குடித்தோம்.
மூன்றாவது ஆள் அடுத்த வீட்டு அல்பின்,
வயது பதினொன்று, காபி என்பது பெயருக்கு, மற்றதெல்லாம் பால்.
கண்ணாடியை உடைத்தவன் அவன்தான்
என்று தெரு முழுக்கத் தெரியும். அவனுக்கும் தெரியும்.
மார்ச்சிலேயே ஒரு ஜாம் புட்டியோடு வாசலில் வந்து நின்றான்.
உள்ளே சில்லறை, இரண்டு நோட்டு, ஒரு பல்.
மீதியை வேலை செய்து கழிக்கிறேன் என்றான்.
பல்லை மட்டும் திருப்பிக் கொடுத்தோம்.

புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டவேண்டும்.
ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிறு ஒரு சுற்று,
கீழே நடுவில் இரு நுனியும் ஒன்றையொன்று தாண்டி உள்ளே தொங்கவேண்டும்.
சோப்புத் தண்ணீர், கஞ்சத்தனம் கூடாது.
வெளியே ஒருவர் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க,
ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி
உள்பக்கம் மடிந்து விழும்.
அவசரப்பட்டால் மூலையில் போய்விடும், மாய்-பிரித்,
மூன்று முறை சொன்னான் சிக்ஸ்டன்.
அவசரத்தைப் பற்றி என்னிடமா.

அன்று பத்து மணிக்கு ஒருவர் காரைப் பார்க்க
ஷெலெஃப்தியோவிலிருந்து வருவதாக இருந்தது.
பின்கண்ணாடியில் ஒரு விரல் கனத்துக்கு உறைபனி.
அடுப்படியிலிருந்து கெட்டிலை எடுத்துவந்தேன்.
பெரிய சத்தமில்லை.
யாரோ எனக்காக 'ச்சு' கொட்டியதுபோல.
அதற்குள் எல்லாமே பின்சீட்டில், கற்கண்டாய்.

டயரிலிருந்து மூன்றடியில், பனியில் பாதி புதைந்து
அல்பினின் ஹாக்கி வட்டு ஒன்று. என்று விழுந்ததோ.
நான் அதைத் தொடவில்லை. காட்டவும் இல்லை.
கெட்டிலில் மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு
சத்தம் கேட்டவள்போல வெளியே வந்தேன்.

இப்போது பின்சீட்டில் முழங்காலிட்டு நான்.
சீட்டின் இடுக்கில் தப்பிப் பிழைத்த ஒரு சில்லு
முட்டியில் ஏறியது. ஏறட்டும்.
வெளியே கண்ணாடியில் அல்பினின் இரண்டு உள்ளங்கைகள்,
ஒன்றில் பேனாவால் எழுதிய வீட்டுப்பாடம்.
கயிறு வெளிவரும் இடத்தைத் தேடித் தேடி
என் கைக்கு எதிரே வந்து அழுத்தின.
கீழ் விளிம்பு. இடது மூலை. மேலே கொஞ்சம் முரண்டு.
கடைசி முழத்தில் கயிறு நழுவி மடியில் விழ,
தெருவின் சத்தம் சட்டென்று வெளியே போய்விட்டது.
அல்பின் ஏதோ கேட்டான். வாய் மட்டும் அசைந்தது.

நான்தான், என்றேன்.
காருக்குள் நன்றாகக் கேட்டது.

பிறகு கதவைத் திறந்து, ஈரக் கயிறும் கையுமாய்
கெட்டிலிலிருந்து தொடங்கினேன்.
சிக்ஸ்டன் வாளியைத் தூக்கிக்கொண்டு
கொட்டகைக்குப் பின்னால் போனான்.
அதைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

அல்பினுக்குக் கோபம் வரும் என்றிருந்தேன்.
அவன் தன் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான்,
காரைப் பார்த்தான். தூரத்தை அளந்தான்.
"அப்போ அது நான் அடித்தது இல்லையா?
டீம் முழுக்க
சொல்லிவிட்டேனே."