பத்து

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யுகேந்திரன்.
ஹெட்போன் அவன் தலைக்குப் பெரிது,
ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்கிறது.
இந்தப் பக்கம் நானும், திரை பார்க்கும் ஹிதாயாவும்.

மணிச் சத்தம் எல்லாவற்றுக்கும் கை தூக்கிவிட்டான்,
கொசு முனகும் கடைசி ஒலிக்கும்.
காது நல்ல காதுதான் என்கிறார் அவர், மலாயில்.
மூன்று வருடமாக நானும் அதைத்தான் சொன்னேன்,
வேறு குரலில்:
காது கேக்குதுல்ல? அப்புறம் என்னடா?

பகாவ் மேட்டில் மூன்றாம் கியர்.
பின்னால் பன்னிரண்டு டன் செம்பனைக் குலை.
தண்ணி எடு என்பேன்.
என் முகத்தைப் பார்த்து ஊகித்து
ஜன்னலை இறக்குவான்.
ஜன்னல இல்லடா என்பேன்.
ஏற்றுவான்.
ஒருநாள் கை நீட்டிவிட்டேன்.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இப்போது சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.
பாசார் மாலாமில் எல்லாரும் ஒரேயடியாகப் பேசுவது போல,
மழைநாளில் அவன் வகுப்பின் தகரக் கூரை போல.
அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல்
ஒவ்வொரு சொல்லாகக் கொடுக்கிறது.
அவன் அதைத் திருப்பித் தரவேண்டும்.

ரூமா என்றால் லூபா என்கிறான்.
வீட்டைக் கேட்டால் மறந்துட்டேன் வருகிறது.
பிந்து என்றால் பேச்சே இல்லை,
கதவு மூடிய மாதிரி.
பத்து என்கிறது குரல். கல்.
பத்து என்கிறான்.
ஹிதாயா சரி போடுகிறார்.

நான் மட்டும் பார்த்தேன்.
மேசைக்குக் கீழே
அவன் இரண்டு கையும் விரிந்திருந்தன,
விரல் ஒன்று விடாமல்.

இதோடு எட்டு சரி.
பிள்ளையின் மார்க்கைக் குறைக்க
எந்தத் தகப்பன் வாய் திறப்பான்?
திறந்தேன்.
புவான், அது உங்கள் பத்து இல்லை, எங்கள் பத்து.

பேனாவைக் கீழே வைத்தார்.
தமிழில் பட்டியல் இல்லையா என்றேன்.
எங்களிடம் இல்லை என்றார்.
தமிழிலும் இவன் தாமதம்தானே,
நான்கு வயதில்தானே இரண்டு சொல் சேர்த்தான்
என்று கோப்பைப் புரட்டினார்.
சொல் உள்ளே வேர் பிடிக்காததால்
சத்தம் லேசாகப் பிடுங்கிக்கொள்கிறதா,
சத்தத்தோடு மல்லுக்கட்டியே
வேர் பிடிக்காமல் போயிற்றா?
தெரியாது என்றார்.
மருத்துவமனையில் ஒருவர் அப்படிச் சொல்லி
முதல் தடவை கேட்கிறேன்.
ஏனோ நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

சிரம்பானிலிருந்து வீடு வர இருட்டிவிட்டது.
மில்லின் எடைச்சீட்டைத் திருப்பிப்போட்டு
நானே ஒரு பட்டியல் எழுதினேன்.
குலை, கொலை, வலை, மழை, பல், பால்...
கொலை எதுக்கு இவனுக்கு என்று
மல்லேஸ்வரி அடித்துவிட்டு
தோசை என்று எழுதினாள்.
மொத்தம் பத்துச் சொல்.

லோரியில் அவனை ஏற்றி இஞ்சினைப் போட்டேன்.
நடுவில் அடுத்த வீட்டு அருளப்பன் வெளியே வந்து
இந்நேரத்துல என்னய்யா வண்டி என்று கத்தியதில்
இரண்டு சொல் போயிற்று.
நான்கு தேறியது.
தோசை தேறியது.

சாவியைத் திருப்பினேன்.
ரேடியேட்டர் சொடக்குப் போட்டு ஆறியது.
தூரத்தில் மில் மட்டும்
தன் பாட்டுக்கு ஓடியது.
என் முகம் அவனுக்குத் தெரியாத இருட்டு.
வாயைப் படிக்க வழியில்லை.
மெல்லச் சொன்னேன், ஒவ்வொன்றாக.
ஒன்பது.

தவறியது மழை. மலை என்றான்.
தப்பு போடப் போனவன் நின்றுவிட்டேன்.
என் வாயில் என்றைக்கு அந்த ழ நின்றிருக்கிறது?
நான் சொன்னதே மலைதான்.
அதற்கும் சரி போட்டேன்.

எத்தனைப்பா என்றான்.

பத்து என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
கல்லா என்று கேட்டான்.